அண்ணன் பெட்டியின் மேல் குழி

போன மாதம் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சூலூர் வீட்டில் அண்ணனின் பெட்டியைத் திறந்தோம். அப்போது இருந்தவர்கள்.

அண்ணி.

அண்ணன் மகள் கவிதா. சரவணம்பட்டியில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறாள்.

கவிதாவின் வீட்டுக்காரர் பிரபு.

எங்கள் தங்கச்சி சரோஜா. ஆனைமலையிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்தாள்.

ஜோசப். அண்ணனோடு ஃபவுண்டரியில் முப்பது வருடம் வேலை செய்தவர்.

நான். அண்ணனுக்குத் தம்பி. உலோகச் சாமானுக்கு மெருகு போடுகிற பஃபிங் பட்டறை வைத்திருக்கிறேன்.

ஆறு பேர். அண்ணன் போன பிறகு அந்தப் பெட்டியைத் திறந்தது அதுதான் முதல் தடவை.

முதல் வருட நினைவுக்கு ஒரு சிறு மலர் அச்சடிக்க வேண்டும் என்று கவிதா சொன்னாள். "சித்தப்பா, நீங்கதான் எழுதோணும்" என்றாள். நான் ஐந்தாவது வரை படித்தவன். பில் எழுதுவேன், அவ்வளவுதான் எழுத்து. "நீங்க எழுதிக் குடுங்க, பிழைய நான் பாத்துக்கறேன்" என்றாள். பிழையைத் திருத்து, வேறு எதையும் தொடாதே என்று சொல்லிவிட்டு எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது ஆனைமலையில். அப்பா அங்கே தென்னந்தோப்பில் வேலை பார்த்தார். தோப்பு கைமாறியது. வேலை போனது. அப்பா எங்களைக் கூட்டிக்கொண்டு சூலூருக்கு வந்து விசைத்தறிக்குப் போனார். ஓர் அறை வீடு, ஐந்து பேர். தறிச் சத்தத்தில் அப்பாவுக்கு முதலில் காது போனது, பிறகு நெஞ்சு கெட்டது. அண்ணன் பத்தாவது பரீட்சை எழுதிய வருடம் அப்பா இறந்தார். அண்ணன் நல்ல மார்க்கில் தேறியிருந்தார். மார்க் ஷீட்டை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மறுநாள் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் ஷாப்பில் சேர்ந்தார்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஃபவுண்டரியில் இரும்பை உருக்கி மண் அச்சில் ஊற்றுவார்கள். மண்ணில் அச்சு விழ, முதலில் அதே உருவத்தை மரத்தில் செய்து பதிக்க வேண்டும். அந்த மர உருவம்தான் பேட்டர்ன். இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் மரத்தைச் சற்றுப் பெரிதாகச் செய்ய வேண்டும். அதற்கென்று தனி அளவுகோல் இருக்கிறது. சாதாரண அளவுகோலை விட அடிக்கு ஒரு நூல், அதாவது அரைக்கால் அங்குலம், நீளம். அண்ணன் சாகும் வரை அந்தக் கோல்தான் வைத்திருந்தார்.

வேலையில் அவசரம் கிடையாது. முதலாளி வாசலில் நின்று கேட்பார்.

"ஏனுங்க மேஸ்திரி, ஆச்சுங்களா?"

"இன்னும் ஆவுலீங்க."

"பார்ட்டி வந்து உக்காந்திருக்காங்க மேஸ்திரி."

"உக்காரட்டுமுங்க. டீ வாங்கிக் குடுங்க."

அண்ணன் ஆச்சு என்று சொன்னால் ஆச்சு. அதற்குப் பிறகு யாரும் அளந்து பார்க்க மாட்டார்கள். சரோஜா கல்யாணத்தை அப்படித்தான் நடத்தினார். என் பட்டறையை அப்படித்தான் வைத்துக் கொடுத்தார். அம்மாவை அப்படித்தான் கடைசி வரை பார்த்துக்கொண்டார். இந்த மூன்றும் முடிந்த பிறகுதான் தனக்குக் கல்யாணம் என்றார். அண்ணி அது வரை காத்திருந்தார்கள்.

இனி அந்தப் பெட்டியைப் பற்றி எழுத வேண்டும். உறவில் பாதிப் பேர் அதைப் பார்த்ததில்லை. பார்த்தவர்களில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

ஃபவுண்டரிக்கு வெளிநாட்டுக் கழிவு இரும்பு வரும். தூத்துக்குடியில் இறங்கி லாரியில் வரும். உலையில் போடும் முன் பித்தளை, ஈயம் கிடந்தால் பிரித்தெடுப்பார்கள். ஒரு நாள் ஜோசப் குவியலுக்குள்ளிருந்து ஒரு தகட்டை எடுத்தார். உள்ளங்கை அளவு. வட்டம். நடுவில் ஒரு வெட்டு, பக்கத்தில் அரை நிலா போல ஒரு ஓட்டை. கன்னங்கரேல் என்று இருந்தது.

"மேஸ்திரி, இது எந்த மிசினு வாசருங்க?"

அண்ணன் வாங்கிப் பார்த்தார். கறுப்புக்குள் ஒரு நாரை பறந்துகொண்டிருந்தது. இறகு இறகாக வெட்டியிருந்தார்கள். "இத உலையில போடாதீங்க" என்று சொல்லிவிட்டு எடுத்துக்கொண்டார். வரைபடத்தாள் பறக்காமல் இருக்க அதை மேலே வைப்பார். மூன்று நான்கு வருடம் அது அந்த வேலைதான் பார்த்தது.

பிறகு ஒரு மில்லில் ஜப்பான் மெஷின் இறக்கினார்கள். மெஷினைப் பூட்ட ஜப்பானிலிருந்தே ஒரு இன்ஜினியர் வந்திருந்தார். வரும் வழியில் ஒரு பிராக்கெட் உடைந்துவிட்டது. அங்கிருந்து வர மாதக்கணக்கில் ஆகும். மில்காரர்கள் உடைந்த துண்டோடு அவரை அண்ணனிடம் கூட்டி வந்தார்கள். அண்ணன் இரண்டு நாளில் பேட்டர்ன் செய்தார். மூன்றாம் நாள் வார்ப்பு வந்தது. அந்த மனிதர் தன் கருவியால் பத்து இடத்தில் அளந்து பார்த்தார். கருவியை உறையில் போட்டார். அப்போதுதான் மேசையில் இருந்த தகட்டைப் பார்த்தார்.

இரண்டு கையாலும் எடுத்தார். நெற்றிக்கு நேராகத் தூக்கித் தலை குனிந்தார்.

"மேஸ்திரி, வாசரக் கும்புடறாருங்க இந்தாளு" என்று ஜோசப் சொன்னார்.

அவர் பென்சிலை வாங்கிப் படம் போட்டுக் காட்டினார். ஒரு வாள். வாளுக்கும் பிடிக்கும் நடுவே இந்தத் தகடு. எதிரி வெட்டு கையில் இறங்காமல் காக்கிற தகடு. இருநூறு முந்நூறு வருடத்துச் சாமானாக இருக்கும் என்று கூட வந்த மில் சூப்பர்வைசர் கேட்டுச் சொன்னார். ஊருக்குத் திரும்பும் முன் அந்த இன்ஜினியர் அண்ணனைத் தேடி வந்து ஒரு பொட்டலம் கொடுத்தார். உள்ளே மரத்தில் செய்த நத்தை. நெல்லிக்காய் அளவுதான். அடியில் கயிறு கோக்க இரண்டு துளை. ஜப்பானில் அந்தக் காலத்து உடையில் பை கிடையாதாம். நம் பெரியவர்கள் சுருக்குப் பையை இடுப்பில் செருகுவது போல, அவர்கள் சின்னப் பெட்டியைக் கயிற்றில் கட்டி இடுப்பில் தொங்கவிடுவார்களாம். கயிறு நழுவாமல் மேலே நிற்கிற கொண்டைதான் இது. நெட்சுகே என்று பெயர்.

அண்ணன் அந்த நத்தையை ஒரு வாரம் கையிலேயே வைத்திருந்தார். "தம்பி, அடியில பாத்தியா? யாரும் பாக்காத எடத்துலயும் வேல செஞ்சிருக்கான்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அன்றிலிருந்து தேட ஆரம்பித்தார்.

காரைக்குடிக்குப் போவார். பர்மா, மலாயா போய் வந்த வீடுகளின் பழைய சாமான் அங்கே கடைக்கு வரும். பித்தளைக் குத்துவிளக்குகளுக்கு நடுவில் ஜப்பான் சாமான் ஒன்றிரண்டு கிடக்கும். கொச்சிக்கும் போவார். பத்து தடவை போனால் எட்டு தடவை வெறுங்கையோடு வருவார். பிறகு கவிதா படித்து வந்து, இந்தச் சாமான் சேர்க்கிற வெளிநாட்டுக்காரர்களுக்கு இங்கிலீஷில் எழுதிக் கொடுத்தாள். அவர்கள் சேகரிப்புக்கு அண்ணன் மரத்தில் பீடம் செய்து அனுப்புவார். அவர்கள் பதிலுக்கு ஒரு சாமான் அனுப்புவார்கள். கயிற்றைக் கடிக்கிற எலி, செருப்பின் மேல் உட்கார்ந்த தவளை, புழு துளைத்த கொட்டை, கொட்டாவி விடுகிற கிழவர், தும்பி உட்கார்ந்த செம்புத் தகடு என்று ஒவ்வொன்றாக வந்தன.

படுத்திருக்கிற மாடு ஒன்று வந்தபோது சரோஜா ஊரிலிருந்து வந்திருந்தாள்.

"ஏனுங்கண்ணா, திமிலே இல்ல. இதெல்லாம் ஒரு மாடுங்களா?"

"அந்த ஊரு மாட்டுக்குத் திமிலு இல்ல அம்மணி."

"திமிலு இல்லாத மாட்டுக்கு இத்தன தூரம் பீடம் செஞ்சு அனுப்புனீங்களாக்கும்?"

அண்ணி சும்மா விடவில்லை. "மத்த ஆம்பளைங்க எடம் வாங்கறாங்க, காடு வாங்கறாங்க. இவரு எலியும் தவளையும் வாங்கியாறாரு" என்பார்கள். ஒரு நாள் கண்டிப்பாகவே கேட்டார்கள். எங்கே நிறுத்துவீர்கள் என்று. அண்ணன் யோசித்து, தேக்கில் ஒரு பெட்டி செய்தார். உள்ளே வரிசையாக இடம் பிரித்து, சாமான் வர வர அதனதன் அளவில் குழி வெட்டினார். வரிசைக்கு ஆறு குழி, ஏழு வரிசை. அதற்கு மேலே தனியாக ஒரே ஒரு பெரிய வட்டக் குழி. அது நாரைத் தகட்டுக்கு. "இது ரொம்புனா நிறுத்திக்கறேன்" என்றார். அண்ணி ஒப்புக்கொண்டார்கள்.

தந்தத்தில் செய்ததை மட்டும் அண்ணன் வாங்கியதில்லை. ஒருவர் துணியில் சுற்றி ஐந்தாறு கொண்டு வந்தார். அண்ணன் துணியைப் பிரிக்கக்கூட விடவில்லை. "நான் பொறந்தது ஆனைமலைங்க. யானையக் கொன்ன சாமான் இந்த ஊட்டுக்குள்ள வேண்டாமுங்க. சட்டமும் விடாதுங்க. எடுத்துக்குங்க" என்றார்.

இப்போது நான் செய்ததை எழுதுகிறேன். சிலருக்குத் தெரியும். எல்லோருக்கும் தெரியட்டும்.

கவிதா கல்யாணத்துக்கு அந்த ஜப்பான் இன்ஜினியர் வருவதாக எழுதியிருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார். தகட்டைப் பார்க்க ஆசை என்றும் எழுதியிருந்தார். சூலூர் வீட்டில் பெயின்ட் வேலை நடந்ததால், பெட்டியை என் வீட்டில் வைத்திருந்தோம். கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு நான் பெட்டியைத் திறந்தேன். மேல் குழியில் தகடு கறுப்பாக இருந்தது. ஓரத்தில் பழுப்பு தட்டியிருந்தது.

நான் பஃபிங்காரன். துருப்பிடித்ததைக் கொண்டு வருவார்கள், பளபளவென்று திருப்பிக் கொடுப்பேன். என் தொழிலில் துரு என்றால் அவமானம். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறவர் கையில் அழுக்கு இரும்பைக் கொடுப்பதா என்று நினைத்தேன். அண்ணனுக்கு என் கையால் ஒரு மரியாதை செய்ய வேண்டும் என்றும் நினைத்தேன். பட்டறைக்கு எடுத்துப் போய் வீலில் பிடித்தேன். அரை மணி நேரம். நாரை கண்ணாடி போல வந்தது.

கொண்டுபோய் அண்ணன் கையில் கொடுத்தேன்.

"அண்ணா, பாருங்க. மொகம் தெரியுது."

அண்ணன் பார்த்தார். திருப்பிப் பார்த்தார்.

"எந்த சோப்பு போட்ட தம்பி?"

பஃபிங் வீலில் தடவுகிற கட்டியை நாங்கள் சோப்பு என்போம். "மொதல்ல கறுப்பு, அப்பறம் பச்சைங்கண்ணா."

"வேல சுத்தமா இருக்குது" என்றார். உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். பந்தல்காரர் வந்திருந்தார், அவரோடு பேசப் போய்விட்டார்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜோசப்தான் சொன்னார். "அந்தக் கறுப்புதானுங்க சாமானே. அது துரு இல்லீங்க. இத்தன வருசம் இத்தன பேரு கைபட்டு ஏறுன கறுப்பு. அரை மணி நேரத்துல எறக்கிப்போட்டீங்களே" என்றார். நான் அன்று சாப்பிடவில்லை.

கல்யாணத்தன்று இன்ஜினியர் வந்தார். அண்ணன் தகட்டைக் கொடுத்தார். அவர் முன்போலவே இரண்டு கையாலும் வாங்கினார். நாரையின் மேல் விரலை ஓட்டினார். இதைத் தேய்த்தது யார் என்று கேட்டார். நான் முன்னால் போய் நின்றேன். "நாந்தானுங்க" என்றேன். அவர் என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பஃபிங்காரன் கை, நகக்கண்ணில் கறுப்பு போகாது. அவர் கோபிக்கவில்லை. அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கவிதா தமிழில் சொன்னாள். தண்ணீர் படக் கூடாது. மருந்து போடக் கூடாது. பருத்தித் துணியும் மனிதர் கையும் மட்டும். தினமும் தேய்க்க வேண்டும். கறுப்பு திரும்ப வரும்.

"எத்தன நாளாகும்னு கேளு கண்ணு" என்றார் அண்ணன்.

தெரியாது என்றார் அவர்.

அண்ணன் தகட்டைத் துணியில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டார். கல்யாண ஆல்பம் வைத்திருப்பவர்கள் எடுத்துப் பாருங்கள். தாலி கட்டும் படத்தில் அண்ணனின் சட்டைப் பை தொங்கும்.

அன்றிலிருந்து பதினொரு வருடம் தேய்த்தார். பஸ்ஸில் போகும்போது தேய்ப்பார். ரேஷன் கடை வரிசையில் தேய்ப்பார். டிவி பார்க்கும்போது தேய்ப்பார். கனம் தாங்காமல் சட்டைப் பை கிழியும். அண்ணி ஒவ்வொரு சட்டைக்கும் பைக்குள் இன்னொரு துணி வைத்து இரட்டைத் தையல் போட்டார்கள். முதல் இரண்டு வருடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு மஞ்சள் தட்டியது. பிறகு பழுப்பு. பெட்டியின் மற்றக் குழிகள் ஒவ்வொன்றாக நிரம்பின. மேல் குழி காலியாகவே இருந்தது. கீழ்க் குழிகள் எல்லாம் நிரம்பிய பிறகு, யாராவது எத்தனை சாமான் என்று கேட்டால் நாற்பத்திரண்டு என்பார். நான் பக்கத்தில் இருந்தாலும் அப்படித்தான் சொல்வார். அது கறுத்துக் குழிக்குப் போகிற வரைக்கும் கணக்கில் சேராது என்பது அவர் முடிவு.

நான் மன்னிப்பு கேட்கவில்லை. கேட்டால் விடு என்று சொல்லியிருப்பார். அதோடு முடிந்திருக்கும். முடிய வேண்டாம் என்று நினைத்தேன். பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் கேட்பேன்.

"ஆச்சுங்களாண்ணா?"

"இன்னும் ஆவுல."

ஜோசப் ஒரு நாள் வழி சொன்னார். "மேஸ்திரி, நம்ம தம்பி பட்டறைக்குப் பக்கத்துலயே பிளாக்கனிங் பண்றாங்க. மருந்துத் தொட்டியில அஞ்சு நிமிசம் போட்டா காக்கா மாதிரி கறுத்துரும்."

"அது காக்கா கறுப்பு ஜோசப்பு. இது வேற கறுப்பு."

"யாருங்க கண்டுபுடிக்கப் போறாங்க?"

"நான் இருக்கறனே."

இன்னொரு சமயம் சென்னையிலிருந்து ஒரு சேகரிப்பாளர் வந்தார். நல்ல மனிதர். பெட்டியைப் பார்த்து அசந்து போனார். மேல் குழி காலியாக இருப்பதைப் பார்த்துவிட்டு, தன்னிடம் அதே அளவில் பழுதில்லாத தகடு ஒன்று இருக்கிறது, தருகிறேன், வைத்துப் பெட்டியை நிரப்புங்கள் என்றார். அண்ணன் பையிலிருந்த தகட்டை எடுத்துக் காட்டினார். அவர் பார்த்துவிட்டு, இது செத்துப்போச்சுங்க என்றார். நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் பெட்டியை மூடினார். "அந்த எடத்துக்கு ஆள் இருக்குதுங்க" என்றார். காபி கொடுத்து அனுப்பினார்.

கடைசி இரண்டு வருடம் அண்ணனுக்குச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரம் மூன்று நாள் கோயமுத்தூரில் டயாலிசிஸ். நான் கூடப் போவேன். இடது கையில் ஊசி. அதை அசைக்கக் கூடாது. தகட்டை வயிற்றின் மேல் வைத்து வலது கையால் தேய்ப்பார். நான்கு மணி நேரம்.

ஒரு நர்ஸம்மா சிரித்துக்கொண்டே கேட்டார். "ஏனுங்கய்யா, நானும் பாக்கறேன், தோசைக்கல்லுக்கு எண்ணெ போட்டுப் பழக்கறீங்களா?"

"ஆமாங்கம்மணி. கல்லு பழகுனதும் மொதல் தோச உங்களுக்குத்தான்."

அதன் பிறகு அந்த வார்டில் அண்ணனுக்குத் தோசைக்கல் ஐயா என்று பெயர். அண்ணனுக்கு அதில் வருத்தம் இல்லை. பக்கத்துப் படுக்கைக்காரர்கள் வாங்கிப் பார்ப்பார்கள். அவர்களையும் ஆளுக்குக் கொஞ்சம் தேய்க்கச் சொல்வார். கைபட்டால் நல்லது என்பார்.

முடிவதற்கு நான்கு நாள் முன்பு என்னைக் கூப்பிட்டார். சட்டைப் பை இருந்த பக்கம் காட்டினார். நான் எடுத்தேன். கரும்பழுப்பாக இருந்தது. நாரையின் கழுத்தும் இறகும் நன்றாகக் கறுத்திருந்தன. கீழ் ஓரம் மட்டும் இன்னும் வெளுப்பு. வீல் அந்த இடத்தில் ஆழமாகப் பிடித்திருந்தது. அது எனக்குத்தான் தெரியும்.

"இன்னும் ஆவுல. இனி நீ புடி" என்றார்.

"சரிங்கண்ணா" என்றேன்.

அண்ணன் வியாழக்கிழமை காலையில் காலமானார். டீ கேட்டார். அண்ணி கொண்டு வந்தபோது மூச்சில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து நான் வீட்டுக்குப் போனேன். மறு வாரம் அண்ணி என் சட்டைகளையெல்லாம் கொடுத்து அனுப்பச் சொன்னார்கள். எதற்கென்று சொல்லவில்லை. திரும்பி வந்தபோது எல்லாச் சட்டைப் பையிலும் உள்ளே துணி வைத்து இரட்டைத் தையல் போட்டிருந்தது.

ஒரு வருடமாக நான் தேய்க்கிறேன். பட்டறையை ஒரு மணி நேரம் முன்னதாகவே அடைத்துவிடுவேன். சோப்புக் கறை போகக் கையை மூன்று முறை கழுவுவேன். உலர்ந்த பிறகுதான் தொடுவேன். காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். என் வீட்டுக்காரி முதலில் ஏதோ சொன்னாள். பிறகு வேட்டித் துணியைக் கிழித்துத் துவைத்து அடுக்கி வைக்க ஆரம்பித்தாள்.

ஒன்றை மறைக்காமல் எழுதுகிறேன். மூன்று மாதத்துக்கு முன்பு, ஓரம் கறுப்பதாக இல்லை. வருடத் திதிக்குள் குழியில் வைத்துவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு பிடிவாதம். பிளாக்கனிங் பட்டறைக்குத் தகட்டை எடுத்துக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் கையை நீட்டினார். "குடுங்கண்ணா, அஞ்சு நிமிசம்." தொட்டி வரைக்கும் போனேன். தொட்டியில் என் முகம் தெரிந்தது. அன்று தகட்டில் தெரிந்த மாதிரியே தெரிந்தது. இல்லீங்க, சும்மா பார்க்க வந்தேன் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்களுக்குச் சொல்கிறேன். டயாலிசிஸ் வார்டு டாக்டருக்கும் நர்ஸம்மாக்களுக்கும். இரண்டு வருடம் அண்ணனுக்கு ஜன்னல் சீட்டுப் பிடித்து வைத்த சூலூர் பஸ் கண்டக்டருக்கு. ரத்தம் கொடுத்த ஃபவுண்டரி ஆட்களுக்கு. அண்ணன் போன செய்தி கேட்டு ஜப்பானிலிருந்து தன் கையால் கடிதம் எழுதிய இன்ஜினியருக்கு. அண்ணனைக் கடைசியாகத் தோளில் தூக்கியவர்களில் முன்னால் நின்ற ஜோசப்புக்கு. காரியத்துக்கு வந்து எங்களோடு இருந்த எல்லோருக்கும். பெயர் விட்டுப்போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியை விற்பதாக இல்லை. பிரிப்பதாகவும் இல்லை. அண்ணியின் வீட்டிலேயே இருக்கும். பார்க்க விரும்புகிறவர்கள் வரலாம். யாரும் துடைத்து மட்டும் கொடுக்க வேண்டாம்.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமை.

பெட்டியைக் கூடத்தில் வைத்து அண்ணி திறந்தார்கள். ஏழு வரிசையும் அப்படியே இருந்தன. மேல் குழி காலி. நான் பையிலிருந்து தகட்டை எடுத்து ஜோசப் கையில் கொடுத்தேன். இரும்பைப் பார்க்கத் தெரிந்தவர் எங்களில் அவர்தான்.

"மருந்து ஏதாச்சும்?" என்றார்.

"இல்லீங்க."

அவர் தன் வெள்ளை வேட்டி முனையைப் பிடித்துத் தகட்டில் அழுத்தித் தேய்த்தார். மருந்துக் கறுப்பாக இருந்தால் துணியில் ஒட்டும். வேட்டி வெள்ளையாகவே இருந்தது. வாசலுக்குப் போய் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னங்க, வாசரு ஆச்சுங்களா இல்லீங்களா?" என்றாள் சரோஜா.

"நார பழையபடி வந்திருச்சுங்க. ஆனா கீழ ஓரத்துல ஒரு எடம் இன்னும் வெளுப்பா இருக்குது" என்றார் ஜோசப்.

எனக்குத் தெரிந்ததுதான். கையை நீட்டினேன். "குடுங்க. இன்னும் ஆவுல. அடுத்த வருசம் வெச்சுக்கலாம்" என்றேன்.

அண்ணி எழுந்து வந்தார்கள். ஜோசப் கையிலிருந்து தகட்டை வாங்கிக்கொண்டார்கள்.

"கொளுந்தனாரே, பன்னெண்டு வருசமா ரெண்டு பேரு சட்டப்பையையும் தெச்சவ நானு. ஆச்சா ஆவுலியான்னு நான் சொல்றேன்."

அண்ணி வெளுத்த ஓரத்தைக் கட்டை விரலால் ஒருமுறை தடவினார்கள். குனிந்து மேல் குழியில் வைத்தார்கள். அண்ணன் வெட்டிய குழி. அசையாமல் உட்கார்ந்தது.

"ஆச்சு" என்றார்கள்.

"எண்ணு கண்ணு" என்று கவிதாவிடம் சொன்னேன். அவள் கீழ் வரிசையிலிருந்து ஆரம்பித்தாள். தொடாமல், விரலை மேலே காட்டி, ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டே போனாள். எலி, தவளை, திமில் இல்லாத மாடு, நத்தை எல்லாம் எண்ணி, மேல் குழிக்கு வந்தாள்.

நாற்பத்து மூன்று.